கணினி அறையைத் திறந்து விடுங்கள்!

தொழிலாளத் தோழர்களே, பெற்றோர்களே!

2020 மார்ச்சில் கொவிட் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, இணையவழியில் படிக்கச் சொன்னார்கள். அன்று நமது அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய். அந்தச் சம்பளத்தில் போன் வாங்கு, டேட்டா போடு, சிக்னல் கிடைக்காவிட்டால் பிள்ளையை மலை உச்சிக்கு அனுப்பு என்பது எந்த ஊர் நியாயம்? ஒரே போனை வைத்துக்கொண்டு லயத்துப் பிள்ளைகள் முறை போட்டுப் படித்ததை நாம் மறக்கவில்லை.

பாடசாலை திறந்ததும் மேலே உள்ளவர்கள் மறந்துவிட்டார்கள். தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் சாதாரண தரத்தில் ஒரு பாடம். ஆனால் நமது பாடசாலைகள் பலவற்றில் கணினி இருந்தால் ஆசிரியர் இல்லை; ஆசிரியர் இருந்தால் கணினி பழுது. ரிப்பன் வெட்ட வந்தவர்கள் பழுது பார்க்கப் பணம் தருவதில்லை. அறைக்குப் பூட்டு விழுகிறது. பிள்ளை புத்தகத்தில் கணினியின் படத்தைப் பார்த்துப் பரீட்சை எழுதுகிறது.

தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கவே 1970கள் வரை காத்திருந்தோம். இதற்கும் அப்படிக் காத்திருக்க முடியாது.

நாம் கேட்பது மூன்று: தமிழ்மொழி மூல ஆசிரியர் நியமனம், பழுது பார்க்க ஆண்டுதோறும் நிதி, பாடசாலை விட்ட பிறகும் திறந்திருக்கும் கணினி அறை.

அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். எத்தனை கணினி வேலை செய்கிறது, யார் படிப்பிக்கிறார், வாரத்தில் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கித் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். வலயக் கல்விப் பணிமனைக்கு அதை எடுத்துக்கொண்டு சேர்ந்தே போவோம்.