ஆசிரியர் பக்கம் நின்ற தலைமை

பரிணாமக் கல்விக்காகப் போராடிவந்த அமெரிக்காவின் தேசிய அறிவியல் கல்வி மையம், 2012-இல் காலநிலைக் கல்வியையும் கையிலெடுத்தது. அப்போதைய தலைவர் மானுடவியலாளர் யூஜினி ஸ்காட்.

அவருக்குப் பின் 2014-இல் வந்த ஆன் ரீட், 1918-இன் ஃப்ளூ பெருந்தொற்று வைரஸின் மரபணுவை ஆராய்ந்த குழுவில் இருந்தவர். அவர் காலத்தில் மையம் பங்கேற்ற ஆய்வு 2016-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. சுமார் 1,500 ஆசிரியர்களிடம் கேட்டதில், ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் அண்மைக்காலப் புவி வெப்பமயமாதலுக்கு இயற்கையே காரணமாக இருக்கலாம் என்று வகுப்பில் வலியுறுத்தியிருந்தனர்.

அந்த ஆசிரியர்களை ரீட் பழிக்கவில்லை. ஆசிரியர்களைக் கொண்டே ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கும் திட்டத்தைத் தொடங்கினார்.

காலநிலைக் கல்வி அமைப்புகள் தலைவரைத் தேடும்போது, மேடைப் பேச்சைவிட வகுப்பறையை அறிந்தவரையே தேர்ந்தெடுக்க வேண்டும்.