புதிய கணினிக்குக் காவல் யார்?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை வழங்குவதை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. விரும்பிப் பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனாளர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு வழங்கப்பட்டது. விண்டோஸ் 11க்கு மாறத் தகுதியில்லாத பழைய கணினிகளை வைத்திருக்கும் பல குடும்பங்கள் இப்போது புதிய கணினி வாங்கும் கட்டாயத்தில் உள்ளன.

கடையில் பணம் செலுத்தும் நேரத்தில், “ஆன்டிவைரஸ் சேர்த்துக்கொள்கிறீர்களா?” என்ற கேள்வி வரும். அப்பாவும் அம்மாவும் உடனே நம் பக்கம் திரும்புவார்கள். பல வீடுகளில் தகவல் தொழில்நுட்பப் பிரிவின் தலைவர் பதவி, தொடக்கக் கல்லூரியிலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ படிக்கும் பிள்ளைக்குத்தான். அந்தப் பதவியில் இருப்பவர்கள் எந்த நிறுவனத்தின் மென்பொருள் சிறந்தது என்று தேடுவதற்கு முன்பு யோசிக்கவேண்டியவை சில உண்டு.

ஏற்கெனவே வாசலில் நிற்கும் காவலாளி

2012ல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல், நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. இன்று அதன் பெயர் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர். ஒரு காலத்தில் அதை வல்லுநர்கள் பெரிதாக மதிக்கவில்லை. இப்போது நிலைமை வேறு. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் போன்ற சோதனைக் கூடங்களில், காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்களுடன் சேர்த்துச் சோதிக்கப்பட்டு, அது பலமுறை முழு மதிப்பெண் பெற்றுள்ளது. ஆப்பிளின் மேக் கணினிகளிலும் எக்ஸ்புரோடெக்ட் என்ற தடுப்பு உள்ளது. ஆக, புதிய கணினி பாதுகாப்பில்லாமல் வீட்டுக்கு வருவதில்லை.

சிக்கல் வேறு இடத்தில் தொடங்குகிறது. பல மடிக்கணினிகள் மெக்காஃபி, நார்ட்டன் போன்றவற்றின் சோதனைப் பதிப்புகளுடன் விற்கப்படுகின்றன. அவை இயங்கும்போது டிஃபெண்டர் ஒதுங்கி நிற்கும். சோதனைக் காலம் முடிந்ததும், “உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது” என்ற எச்சரிக்கைகள் திரையில் வரத் தொடங்கும். பயந்துபோய்ச் சந்தா கட்டினால் முதல் ஆண்டு மலிவாக இருக்கும். மறு ஆண்டு, கேட்காமலேயே கடன்பற்று அட்டையிலிருந்து கூடுதல் தொகை கழிக்கப்படலாம். தானாகப் புதுப்பிக்கப்படும் இத்தகைய சந்தாக்கள் பற்றி பிரிட்டனின் போட்டி, சந்தை ஆணையம் விசாரித்தது. அதன் பின்னர் மெக்காஃபி, நார்ட்டன் இரண்டும் 2021ல் தங்கள் நடைமுறைகளை மாற்ற ஒப்புக்கொண்டன.

இந்த எச்சரிக்கைகளுக்கு இன்னொரு பக்க விளைவும் உண்டு. மோசடிக்காரர்கள் இதே பாணியில் போலி எச்சரிக்கைகளை இணையப் பக்கங்களில் காட்டுகிறார்கள். உண்மையான எச்சரிக்கையை அன்றாடம் பார்த்துப் பழகிய தாத்தா பாட்டிக்கு எது போலி என்று எப்படித் தெரியும்?

சாவியை யாரிடம் கொடுக்கிறோம்?

நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் சாதாரணச் செயலி அன்று. எல்லாக் கோப்புகளையும் திறந்து பார்க்க, இணையத்தில் நாம் செல்லும் இடங்களைக் கவனிக்க, கணினியின் ஆழம்வரை செல்ல அதற்கு அனுமதி வேண்டும். வீட்டின் எல்லா அறைகளுக்கும் சாவி வைத்திருக்கும் காவலாளி போன்றது அது. அந்தச் சாவி எவ்வளவு பெரியது என்பதை 2024ஆம் ஆண்டு மூன்று முறை காட்டியது.

பிப்ரவரியில், அவாஸ்ட் நிறுவனம் 16.5 மில்லியன் அமெரிக்க டாலர் செலுத்தவேண்டும் என்று அமெரிக்காவின் கூட்டரசு வர்த்தக ஆணையம் அறிவித்தது. பிறர் கண்காணிப்பிலிருந்து பயனாளர்களைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டே, அவர்கள் பார்த்த இணையப் பக்கங்களின் விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம்வழி விற்றது என்பது குற்றச்சாட்டு. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

ஜூன் மாதம், தேசியப் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ரஷ்யாவின் காஸ்பர்ஸ்கை மென்பொருளை அமெரிக்க அரசாங்கம் தடை செய்தது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. யார் சொல்வது சரி என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். செப்டம்பரில், அமெரிக்காவில் பல பயனாளர்கள் தங்கள் கணினியில் காஸ்பர்ஸ்கை மறைந்து, அல்ட்ராஏவி என்ற வேறொரு மென்பொருள் உட்கார்ந்திருப்பதைக் கண்டனர். அதை நிறுவச் சொல்லி அவர்கள் எந்தப் பொத்தானையும் அழுத்தியிருக்கவில்லை.

இவ்விரண்டுக்கும் இடையே, ஜூலை 19ஆம் தேதி, கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் ஏறத்தாழ 8.5 மில்லியன் விண்டோஸ் கணினிகள் முடங்கின. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்களின் பயணப் பதிவு கையால் செய்யப்பட்டது. அது நிறுவனங்களுக்கான மென்பொருள், வீடுகளில் இருப்பதில்லை. ஆனால், கணினியின் ஆழத்தில் இயங்கும் பாதுகாப்பு மென்பொருளில் ஒரு சிறு பிழை என்ன செய்யும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று இல்லை.

எனவே, கூடுதலாக ஒரு காவலாளியைச் சேர்ப்பதால் பாதுகாப்பு தானாகக் கூடிவிடும் என்று சொல்லமுடியாது. நாம் நம்பவேண்டிய நிறுவனங்களின் எண்ணிக்கை மட்டும் உறுதியாகக் கூடுகிறது. கடையில் பார்க்கும் தெரிவுகளும் தோன்றும் அளவுக்கு அதிகமில்லை. நார்ட்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா நான்கும் இன்று ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் உள்ளன.

திருடன் வரும் வழி மாறிவிட்டது

சிங்கப்பூரில் 2024ல் மோசடிகளால் மக்கள் இழந்த தொகை குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி. அவற்றில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்ட சம்பவங்களில், பாதிக்கப்பட்டவர்களே ஏமாற்றப்பட்டுத் தங்கள் கையால் பணத்தை மாற்றிவிட்டனர். ‘வங்கி அதிகாரி’ என்று அழைப்பவரின் பேச்சை எந்த மென்பொருளும் நச்சுநிரல் என்று அடையாளம் காணாது.

தீங்குநிரல் ஒழிந்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. அதை உள்ளே விடுவது பெரும்பாலும் நாமே. காசில்லாமல் கிடைக்கும் திருட்டு மென்பொருள், விளையாட்டுகளுக்கான ‘கிராக்’ ஆகியவற்றை மாணவர்கள் தேடுவது இரகசியமன்று. அவற்றை நிறுவும் குறிப்பில் முதல் வரியே, “ஆன்டிவைரஸை நிறுத்திவிடுங்கள்” என்றுதான் இருக்கும். நிறுத்தியபின் எந்த மென்பொருளாலும் பயனில்லை. இப்படி நுழையும் தீங்குநிரல்களில் பல, உலாவியில் சேமித்த மறைச்சொற்களை மட்டுமன்றி, நாம் ஏற்கெனவே நுழைந்திருக்கும் கணக்குகளின் அடையாளத் தரவையும் திருடும். அது கிடைத்துவிட்டால், பல கணக்குகளுக்குள் ஒருமுறை மறைச்சொல் இல்லாமலேயே நுழைந்துவிடலாம். அதே கணினியில்தான் அம்மா வங்கிக் கணக்கைப் பார்க்கிறார். அப்பா மத்திய சேமநிதி விவரங்களைப் பார்க்கிறார்.

என்ன செய்யலாம்?

பெரும்பாலான வீடுகளுக்கு, சோதனைப் பதிப்பை நீக்கிவிட்டு, ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ பக்கத்தில் டிஃபெண்டர் இயங்குகிறதா என்று உறுதிசெய்வதே போதும். இயங்குதளமும் உலாவியும் தாமாகப் புதுப்பிக்கும்படி வையுங்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு உருவாக்குங்கள். புதிய மென்பொருள் நிறுவும் அனுமதி ஒரே கணக்குக்கு மட்டும் இருக்கட்டும். தம்பி விளையாட்டு என்று நினைத்து எதையோ பதிவிறக்கினாலும் சேதம் குறையும்.

சந்தாவுக்கு ஒதுக்க நினைத்த பணத்தில் வெளிப்புற வன்தட்டு ஒன்றை வாங்கலாம். குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் மாதம் ஒருமுறை அதில் நகலெடுத்து, பிறகு இணைப்பைத் துண்டித்து வையுங்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீங்குநிரல் தாக்கினால், எந்தத் தடுப்பு மென்பொருளையும்விட அந்த நகல்தான் கைகொடுக்கும்.

கட்டண மென்பொருள் எப்போதும் வீண் என்பதில்லை. சிறுவர்களுக்கான கட்டுப்பாடு, பல சாதனங்களுக்கு ஒரே சந்தா, தொலைபேசியில் உதவி கேட்கும் வசதி ஆகியவை உங்கள் வீட்டுக்குத் தேவையென்றால் வாங்கலாம். ஆனால், இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தைப் பார்த்த பிறகு வாங்குங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை அன்றே நிறுத்திவிடுங்கள்.

புதிய கணினியைத் தயார்செய்யும் நாளில் பெற்றோரையும் தாத்தா பாட்டியையும் பக்கத்தில் அமர வையுங்கள். திரையில் எச்சரிக்கை தோன்றி ஒரு தொலைபேசி எண்ணை அழைக்கச் சொன்னால் அது மோசடி என்று சொல்லிக்கொடுங்கள். சந்தேகம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணை அழைக்கலாம் என்று ஒரு தாளில் எழுதி, கணினிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். அதற்குச் சந்தா கிடையாது.