வேலியே பயிரை மேயும் வியாதி

தேசத்தைக் காக்க ஏற்பட்ட சேனையே தேசத்தின் மீது பாய்ந்தால் குடிகளின் கதி என்ன? லூபஸ் என்னும் வியாதியில் நேருவது இதுவே. கிருமிகளை எதிர்க்கும் பொருட்டு ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருள்கள், சொந்த உடலையே அந்நியமென்று கருதித் தாக்குகின்றன. இவற்றை வைத்தியர்கள் ஆட்டோ ஆன்டிபாடி என்பர். இந்நோய் கண்டவர்களில் 10 பேருக்கு 9 பேர் ஸ்திரீகள். அவர்களிலும் பெரும்பாலோர் பிள்ளை பெறும் வயதினர்.

உயிரணுவின் கருவிலுள்ள டி.என்.ஏ.யையே தாக்கும் எதிர்ப்புப் பொருள் இந்நோயாளிகளின் ரத்தத்தில் உண்டென்பது 1957-ல் வெளியாயிற்று. அது சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகளில் படிந்து அழற்சியை மூட்டுகிறது. உடலுக்கு வேண்டிய புரதம் மூத்திரத்தில் கசிந்தோடுகிறது. வலியோ பெரும்பாலும் இல்லை. முகமும் காலும் வீங்கி வீட்டார் விழித்துக்கொள்ளும்போது, சேதம் வெகுதூரம் சென்றிருக்கக் கூடும்.

தாம்பரத்தில் டாக்டர் சௌரிமுத்து க்ஷயரோக சானடோரியத்தை நிறுவியது 1928-ல். இருமல் நீடித்தால் சளியைச் சோதிக்க வேண்டுமென்பது இன்று இவ்வட்டாரத்தில் பாமரரும் அறிந்த விஷயம். அதுபோல, இளம் பெண்ணுக்குக் கன்னத்தில் செம்படையும் மூட்டுவலியும் ஓயாத சோர்வும் கண்டால், மூத்திரத்தைச் சோதித்து ரத்த அழுத்தத்தையும் பார்க்க வேண்டுமென்ற அறிவு வீடுதோறும் பரவ வேண்டாமா?

2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், ரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் வாசலிலேயே கண்டறிய வகை செய்தது. அந்தப் பையில் மூத்திரப் புரதத்தைக் காட்டும் சோதனைப் பட்டையும் எங்கும் தவறாமல் இருத்தல் வேண்டும் என்பது நமது கோரிக்கை. அபூர்வ வியாதிக்கு ஏன் இவ்வளவு செலவு என்று சிலர் கேட்கலாம். பட்டையின் விலை அற்பம். சிறுநீரகம் கெட்டபின் வாரம் 2, 3 தடவை செய்யும் டயாலிஸிஸின் விலையோ ஒரு குடும்பத்தையே அழிப்பது.

எல்லோருக்கும் ஆன்டிபாடி பரீக்ஷை செய்யும்படி நாம் கேட்கவில்லை. ஏ.என்.ஏ. என்னும் முதற்சோதனை சுகதேகிகள் சிலருக்கும் நோய் இருப்பதுபோல் காட்டும். சந்தேகப்பட்டவர்களுக்கு மட்டும் அதனுடன் டி.என்.ஏ. ஆன்டிபாடியும், சி3, சி4 அளவுகளும் பார்த்து, அவசியமானால் சிறுநீரகத்திலிருந்து சிறு துணுக்கெடுத்துச் சோதிப்பதே முறை. சென்னை அரசு பொது மருத்துவமனையில் இதற்குரிய நிபுணர்கள் இருக்கிறார்கள். குரோம்பேட்டையிலும் பெருங்களத்தூரிலும் எடுத்த ரத்தம் அங்கே பிரயாணம் செய்யட்டும். கால் வீங்கிய பெண் ஒவ்வொரு சோதனைக்கும் மின்சார ரயிலில் நின்றுகொண்டு போவானேன்?

சர்க்காருக்குச் சொன்னோம், அன்பர்களே, உங்களுக்கும் சொல்ல வேண்டும். கலியாணம் தடைப்படுமென்று பெண்ணின் வியாதியை மறைப்பதும், சிறிது சுகம் கண்டவுடன் ஸ்டீராய்டு முதலிய மருந்துகளை வைத்தியரைக் கேளாமல் நிறுத்துவதும் பெருந்தீங்கு. தக்க சிகிச்சையும் வைத்தியர் யோசனையும் இருந்தால் இப்பெண்களில் அனேகர் உத்தியோகம் பார்க்கலாம், பிள்ளை பெறலாம், நெடுநாள் வாழலாம். தேச சேவையென்று மேடையில் முழங்கும் நாம், நம் வீட்டுப் பெண்ணின் சோர்வைச் சோம்பலென்று ஏசாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வோமாக. அதுவும் தேச சேவையே.