கொல்கத்தா பார்க்கிங் கட்டணத் தகராறு: ரசீது தராத வசூலைத் தட்டிக்கேட்பது எப்படி?

கொல்கத்தா: சாலையோரம் காரை நிறுத்த மணிக்கு 10 ரூபாய், இருசக்கர வாகனத்திற்கு 5 ரூபாய் என்றிருந்த கட்டணத்தை, கொல்கத்தா மாநகராட்சி 2023 ஏப்ரல் 1 முதல் உயர்த்தியது. காருக்கு முதல் மணி நேரக் கட்டணம் 20 ரூபாயாக இரட்டித்தது. நேரம் நீள நீளக் கட்டணம் மேலும் வேகமாக ஏறும் வகையில் புதிய விகிதம் அமைந்திருந்தது. அது ஒரு வாரமே நீடித்தது. முதலமைச்சர் மம்தா பானர்ஜிக்குத் தெரியாமல் எடுக்கப்பட்ட முடிவு இது என்று திரிணாமூல் காங்கிரஸ் செய்தித் தொடர்பாளர் குணால் கோஷ் ஏப்ரல் 7ஆம் தேதி பகிரங்கமாக அறிவித்தார். இதையடுத்து, மேயர் ஃபிர்ஹாத் ஹக்கீம் தலைமையிலான மாநகராட்சி உயர்வைத் திரும்பப் பெற்றது.

அரசியல் ரீதியாக விவகாரம் அத்துடன் முடிந்தது. ஆனால், தலைமை தலையிட்டால் குறைவது அறிவிக்கப்பட்ட கட்டணம் மட்டுமே. தெருவில் கேட்கப்படும் கட்டணம் வேறு கணக்கு.

நகரின் கட்டண நிறுத்துமிடங்களில் மாநகராட்சி நேரடியாக வசூல் செய்வதில்லை. ஒப்பந்தம் பெற்ற முகமைகள் மாநகராட்சிக்குரிய தொகையைச் செலுத்திவிட்டு, ஆட்களை வைத்து வசூலிக்கின்றன. குறித்த தொகைக்கு மேல் கையில் சேர்வதெல்லாம் லாபம் என்ற ஏற்பாட்டில், கூடுதலாகக் கேட்கும் தூண்டுதல் இயல்பாகவே இருக்கிறது. நியூ மார்க்கெட், கரியாஹாட் போன்ற கடைவீதிகளில், குறிப்பாக துர்கா பூஜை நாட்களில், ரசீது இன்றி அதிகப் பணம் கேட்கப்படுவதாகப் புகார்கள் எழுவது வழக்கம். கையடக்க ரசீது இயந்திரங்கள் கொண்டுவரப்பட்டதன் நோக்கமே இதைத் தடுப்பதுதான். வண்டி வந்த நேரமும் போன நேரமும் அச்சாகிவிட்டால் வாக்குவாதத்திற்கு இடமில்லை. ரசீது தராமல் கேட்கப்படும் 50 ரூபாய்க்கோ எந்தத் தடயமும் இருப்பதில்லை. அதற்காக நீதிமன்றம் போக யாருக்கும் நேரமும் இல்லை. இந்த வசூல் தழைப்பதே அந்தக் கணக்கில்தான்.

பணம் தராவிட்டால் அபராதம் விதிப்போம் என்ற மிரட்டலுக்குச் சட்டத்தில் என்ன இடம்? போக்குவரத்து விதிமீறலுக்கு அபராதம் விதிப்பது மோட்டார் வாகனச் சட்டப்படி காவல்துறை உள்ளிட்ட அரசு அதிகாரிகளின் வேலை. தனியார் முகமையோ, வணிக வளாகமோ கேட்கக்கூடியது ஒப்பந்தத்தின்படியான கட்டணத்தை மட்டுமே. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தொகை என்று பலகையில் எழுதி வைத்திருந்தாலும், 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவு அந்தத் தொகையை உச்சவரம்பாக மட்டுமே கருதுகிறது. அதற்குள் நியாயமான இழப்பீடே கிடைக்கும்.

பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கு தனியார் நிறுத்துமிட நிறுவனங்கள் அனுப்பும் கட்டண அறிவிப்பைச் செலுத்தாதவர்களுக்குக் கடன் வசூல் நிறுவனங்களிடமிருந்து கடிதம் வருவது, அந்நாட்டில் கார் ஓட்டும் தமிழர்களுக்கும் பழகிப்போன ஒன்று. செம்ஸ்ஃபோர்டு நகரில் 2 மணி நேர இலவச அனுமதியைத் தாண்டி 56 நிமிடங்கள் காரை நிறுத்திய ஒருவரிடம் கேட்கப்பட்ட 85 பவுண்டு செல்லும் என்று 2015 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வசூல் நிறுவனங்கள் சேர்க்கும் கூடுதல் தொகைக்குத் தடை விதிக்கும் நடத்தை விதிகளை அந்நாட்டு அரசு 2022 பிப்ரவரியில் வெளியிட்டாலும், நிறுவனங்கள் சட்டப் போராட்டத்தில் இறங்கியதால் ஜூன் மாதமே திரும்பப் பெற்றது.

இந்தியாவில் வசூல் முகவர்கள் என்றாலே வங்கிக் கடன்தான் நினைவுக்கு வரும். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கடன்தாரரை அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டது. 2024 ஆகஸ்டில், மேற்கு வங்கத்தில் பேருந்துக் கடன் ஒன்றுக்காக வண்டியைப் பறித்த முகவர் நிறுவனத்தை ரவுடிக் கும்பலுக்கு ஒப்பிட்டு உச்ச நீதிமன்றம் கண்டித்தது. இருப்பினும், ரிசர்வ் வங்கியின் விதி வங்கிகளையும் நிதி நிறுவனங்களையுமே கட்டுப்படுத்தும். நிறுத்துமிட முகமை ஒன்று நாளை வசூலுக்கு ஆள் அனுப்பினால், அந்த நேர வரம்பு அவர்களுக்குப் பொருந்தாது. மிரட்டலுக்குக் காவல் நிலையம், பணத் தகராறுக்கு உரிமையியல் நீதிமன்றம் என்ற பொதுவான வழிகளே மிஞ்சும். இந்த இடைவெளி குறித்து இங்கு பெரிதாகப் பேசப்படவில்லை.

சிறு தொகைக்காகப் போராடியவருக்குப் பலன் கிடைத்ததும் உண்டு. சென்னையின் வணிக வளாகம் ஒன்றில் இருசக்கர வாகனத்திற்கு 80 ரூபாய் வசூலிக்கப்பட்டதை எதிர்த்த வழக்கில், 12,000 ரூபாய் வழங்குமாறு திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் 2025இல் உத்தரவிட்டது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ், புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை. வழக்கிற்கு முன்பு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியவும் வழியுண்டு. எதற்கும் ரசீதோ, பணம் அனுப்பியதற்கான பதிவோ வேண்டும்.

இதனிடையே, வசூலிப்பவரே இல்லாத நிறுத்துமிடங்களும் வந்துவிட்டன. டெல்லி காஷ்மீரி கேட் மெட்ரோ நிலையத்தில் 2021 ஜூலை முதல் ஃபாஸ்டாக் மூலம் நிறுத்தக் கட்டணம் பெறப்படுகிறது. இம்முறையில் பதிவு தானாகவே உருவாகிறது. ஆனால் பணம் முதலில் கழிக்கப்பட்டு விடும். தவறாகக் கழிக்கப்பட்டதாக எண்ணும் வாகன உரிமையாளர், ஃபாஸ்டாக் வழங்கிய வங்கியிடம் முறையிட்டுத்தான் அதைத் திரும்பப் பெற வேண்டும்.