புள்ளி ஓரிடம், ஆள் ஓரிடம்

ஆனி, ஆடி மாதங்களில் தென்காசியில் நின்று மேற்கே நோக்கினால் பல நாள் மலை தெரியாது, மேகந்தான் தெரியும். அந்த மேகம் சாரலாய் இறங்கும்போது குற்றாலத்தில் கூடும் ஜனக்கூட்டம் நேயர்கள் அறியாததன்று. சென்ற ஸீஸனில் நாமும் சுற்றத்தாருடன் அக்கூட்டத்தில் சேர்ந்தோம்.

நம் அத்தை எழுபது பிராயம் கடந்தவர். அவர் கைப்பேசியில் இருப்பிடங்காட்டும் செயலி ஒன்றை முன்கூட்டியே அமைத்துவைத்து, இனி யாரும் தொலைந்துபோக முடியாதென்று சற்றுக் கர்வமும் கொண்டோம். காலையில் அவர் இளையவர்களுடன் காரில் புறப்பட்டார். நாம் தென்காசி விடுதியில் அமர்ந்து, கைப்பேசிப் படத்தில் நீலப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

புள்ளி பேரருவிக்கு அருகே போய் நின்றது. நின்றது நின்றதுதான்! ஒரு மணி நேரமாயிற்று, அசையவில்லை. மேற்கே வானம் கறுத்தது. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் சடுதியில் வந்த வெள்ளம் ஓர் இளம்பிள்ளையைக் கொண்டுபோன செய்தி நினைவில் எழுந்தது. அழைத்தோம், ஒருவரும் எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்துப் பேரருவிக்கு ஓடினோம். அங்கே அத்தை இல்லை. ஐந்தருவிக்குப் போனால், ஈரப் புடவையுடன் சிரித்துக்கொண்டே எதிரில் வருகிறார்!

"போன் எங்கே, அத்தை?" என்றோம்.

"காரிலே பையில் இருக்கிறது. அதையும் குளிப்பாட்டச் சொல்கிறாயா?" என்றார்.

கார் ஐந்தருவியில், புள்ளி மட்டும் பேரருவியில். இது எப்படி?

இச்செயலி செய்யும் வேலைகள் இரண்டு. முதலாவது, தான் இருக்குமிடத்தை அறிவது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். துணைக்கோள்களில் குறைந்தது நான்கின் அலைகளைக் கைப்பேசி பெற்று, அவை வந்துசேர்ந்த நேரத்தைக்கொண்டு இடத்தைக் கணிக்கிறது. நேரக் கணக்கு ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரத்தில் 300 மீட்டர் பிசகும். மலைச்சரிவும் அடர்ந்த மரங்களும் அவ்வலைகளை மறைக்கும். பாறைகள் அவற்றைத் திருப்பியடிக்கும்.

இரண்டாவது, அறிந்த இடத்தைப் பிறருக்கு அறிவிப்பது. இதற்குத் துணைக்கோள் உதவாது. கைப்பேசிக் கோபுரமும் இணையத் தொடர்பும் வேண்டும். இவை அறுந்தால் புள்ளி மறைவதில்லை. கடைசியாய்ச் சொன்ன இடத்திலேயே நிற்கும். அத்தையின் கைப்பேசியிலோ பாட்டரிச் சிக்கன ஏற்பாடு செயலியைத் தூங்கவைத்திருந்தது.

ஆகவே, புள்ளி அசையாவிட்டால் முதலில் அதனருகே சிற்றெழுத்தில் உள்ள நேரத்தைப் படியுங்கள். நம் புள்ளியின் கீழே 'ஒரு மணி நேரத்துக்கு முன்பு' என்றே இருந்தது. பதற்றத்தில் நாம்தான் படிக்கவில்லை. புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் பெரிதாயிருந்தால், அவ்வளவுக்குக் கணிப்பில் சந்தேகம் என்று கொள்க. புறப்படும் முன்பே, இருப்பிட அனுமதியை 'எப்போதும்' என்று வைத்து, துல்லிய இருப்பிடத்தையும் திறந்துவிடுங்கள். பாட்டரிச் சிக்கனத்திலிருந்து அச்செயலிக்கு விலக்குக் கொடுங்கள். இணையம் ஓடுகிறதா என்று பாருங்கள். அப்போதும் பிசகினால், கைப்பேசியை அணைத்து மீண்டும் இயக்கி, திறந்த வானத்தின் கீழ்ச் சில நிமிஷம் வைத்திருங்கள்.

இவையெல்லாம் சரியானபின்னும் ஒன்று மிஞ்சுகிறது. செயலி காட்டுவது கைப்பேசியின் இடத்தை, ஆளின் இடத்தையன்று. அருவிக்குள் கைப்பேசியோடு போவார் யார்? வெள்ள அபாயம் வந்தால் காக்கக்கூடியவை காவலர் எச்சரிக்கையும், கூட வந்தவர் கண்ணுமே.

மறுநாள் செயலியைச் சீர்செய்தோம். அத்தையோ அதை நம்பவில்லை. "பன்னிரண்டு மணிக்குத் தென்காசிக் கோபுர வாசலுக்கு எல்லாரும் வந்துவிட வேண்டும்" என்று உத்தரவிட்டார். சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்னதாகவே வந்தும் நின்றார். தாமதமாய்ப் போய்ச் சேர்ந்தவர், புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்த நாமே!