பஸ்ஸைக் குறை சொல்லாதே நண்பா!



"பஸ் லேட் சார்!" நம்மில் பலர் தினமும் ஒப்பிக்கும் மந்திரம் இது. நானும் ஒப்பித்தவன்தான். ஒருநாள் ஸ்மித்தி ஷாப்பில் சம்மட்டி அடிக்க வேண்டியவன் நான். குறடு பிடித்த நண்பன் பழுக்கக் காய்ச்சிய இரும்போடு காத்து நின்றான். நான் போவதற்குள் இரும்பு ஆறிவிட்டது. மறுபடி காய்ச்சுவதற்குள் பீரியட் முடிந்தது. மார்க் போனது இருவருக்கும்! அன்றுதான் உறைத்தது, நம் தாமதம் நம்மோடு நிற்பதில்லை என்று.

லேத்தில் ஜாபைச் சக்கில் மாட்டி சென்டர் பார்க்கவே எவ்வளவு நேரம் ஆகிறது! அந்த செட்டிங் டைமைச் சேர்க்காதவன் ஏமாறுவான். நாமும் "பஸ்ஸில் 20 நிமிஷம்தானே" என்கிறோம். ரெக்கார்டு நோட்டு தேடுவது, ஸ்டாப்பில் நிற்பது எல்லாம் கணக்கில் வருவதே இல்லை. இந்தத் தப்புக்கணக்குக்கு கானமன், ட்வெர்ஸ்கி என்ற உளவியல் அறிஞர்கள் 1979-இல் 'பிளானிங் ஃபாலசி' என்று பேரே வைத்தார்கள். நினைப்பை நம்பாதே, முன்பு நடந்ததைப் பார் என்பதுதான் அவர்கள் காட்டிய வழி.

ஆகவே, ஒரு வாரம் கிளம்பிய நேரத்தையும் சேர்ந்த நேரத்தையும் குறித்து வையுங்கள். அதில் ரொம்ப இழுத்த நாளை வைத்துக் கிளம்புங்கள். பையை ராத்திரியே அடுக்குங்கள். கிராமத்திலிருந்து ஒரே பஸ்ஸை நம்பி வருபவர்களுக்கு இது போதாது. அவர்களை வாசலிலேயே நிறுத்தாமல் நிர்வாகம்தான் இரக்கம் காட்ட வேண்டும்.

மற்றவர்கள் யோசியுங்கள். நாளைக்குக் கம்பெனி வாசலில் வருகை பதியும் மெஷினிடம் "பஸ் லேட் சார்" என்று சொல்ல முடியுமா?