கூடைப்பந்தும் பெண்களின் சரீர உழைப்பும்

கூடைப்பந்து மைதானத்தின் நீளம் 28 மீட்டர். அகலம் 15 மீட்டர். பத்து நிமிஷம் கொண்ட நான்கு பகுதிகளோடு ஆட்டம் முடிந்துவிடுகிறது. இக்கணக்கை மட்டும் நோக்குவோருக்கு இது இலேசான விளையாட்டாகவே தோன்றும். நாற்பது நிமிஷம் ஓடுவதில் என்ன சிரமம் என்று டில்லியில் உபாத்தியாயர் ஒருவர் என்னிடம் வினவியதும் உண்டு.

உண்மையில் அது வெறும் ஓட்டமன்று. பாய்தல், சடுதியில் நிற்றல், பக்கவாட்டில் நகர்தல், எம்பிக் குதித்தல், எதிராளியின் உடலைத் தாங்கி நிற்றல் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பிரிட்டிஷ் பல்கலைக்கழக வீராங்கனைகளைப் பற்றி 2009-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, ஒருத்தி ஓர் ஆட்டத்தில் சுமார் 650 தனித்தனி அசைவுகளைச் செய்கிறாள். ஏறக்குறைய மூன்று வினாடிக்கு ஒன்று. அவர்களது இதயம் நிமிஷத்துக்குச் சராசரி 165 முறை துடித்தது. சர்வதேசப் பந்தயங்களில் ஆடுவோருடைய உழைப்பை இதிலிருந்து ஊகிக்கலாம்.

இவ்வுழைப்பைப் பெண்கள் தாங்குவார்களா என்ற ஐயம் பழையது. 1891-ல் ஸ்பிரிங்ஃபீல்டில் நெய்ஸ்மித் இவ்விளையாட்டை வகுத்தார். மறு ஆண்டே ஸ்மித் கல்லூரியில் அதைப் புகுத்திய செண்டா பெரன்சன் அம்மையார், மாணவிகள் களைத்துப் போகலாகாது என்று மைதானத்தை மூன்று கூறாக்கி, அவரவர் தத்தம் கூற்றிலேயே நிற்குமாறு விதி செய்தார். அமெரிக்காவில் அயோவா மாகாணப் பள்ளிகளில் மாணவிகள் பாதி மைதானத்தில் மட்டும் ஆடும் முறை 1993 வரை நீடித்தது. ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்துக்கு இடம் கிடைத்ததே 1976-ல்தான்.

அந்த ஐயம் தவறென்பதற்கு நாம் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் அனிதா பால்துரை பத்தொன்பதாம் வயதில் இந்திய அணியின் தலைமையை ஏற்றார். தொடர்ச்சியாக ஒன்பது ஆசியப் போட்டிகளில் ஆடினார். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

ஆனால் இன்று நாம் எதிர்த் திசையில் பிழை செய்கிறோம் என்பது என் கருத்து. பெண்களால் முடியும் என்று ஒப்புக்கொண்ட பின், அவர்களுடைய உடலைப் பற்றித் தனியே சிந்திப்பதை விட்டுவிட்டோம். குதித்து இறங்கும்போது முழங்காலின் முன்புறச் சிலுவைத் தசைநார் அறுந்துபோவது, கூடைப்பந்தில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். பெரும்பாலும் எவரும் மோதாமலே அது நேர்கிறது. முழங்கால் உட்புறம் சாயாமல், மடக்கி இறங்கப் பயிற்றினால், ஆட்டத்துக்கு முன் கால்மணி நேரம் செலவிட்டாலே, இவ்விபத்தைப் பெருமளவு குறைக்கலாம். இதற்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லை.

அடுத்தது இரத்தம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 59 சதவீதத்தினர் இரத்தசோகை உடையவர்கள். தசைகளுக்குப் பிராணவாயுவைச் சுமந்து செல்வது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின். அது குறைந்தவள் மூன்றாம் பகுதியில் பின்தங்கினால் ‘சோம்பேறி’ என்று பெயர் வாங்குகிறாள். மருந்தகத்திற்கு அனுப்ப வேண்டியவளை மைதானத்தைச் சுற்றி ஓடவிடும் பயிற்சியாளர் தண்டிப்பது யாரை?

மூன்றாவது விஷயத்தை நம்மவர் பேசக் கூசுகின்றனர். கடும் பயிற்சியின்போது மாதவிடாய் சில மாதங்கள் நின்றுபோவதைச் சிலர் பயிற்சி நன்றாக நடப்பதன் அடையாளமாகவே கருதுகிறார்கள். பல சமயம் அது, உழைப்புக்கேற்ற ஆகாரம் இல்லை என்று உடல் விடுக்கும் எச்சரிக்கை. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் இதைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டது. அலட்சியம் செய்தால் எலும்பு பலமிழந்து, அடியேதும் படாமலே கீறல் விடும். இதை ‘அழுத்த முறிவு’ என மொழிபெயர்ப்பது வழக்கம். ‘களைப்பு முறிவு’ என்பதே பொருத்தமென எனக்குப் படுகிறது. அழுத்தம் ஒரு கணத்தில் வருவது. இதுவோ மாதக் கணக்கில் சேர்வது.

சென்ற குளிர்காலத்தில் டில்லியில் பள்ளி மாணவிகளின் பந்தயம் ஒன்றைக் காணச் சென்றிருந்தேன். தளம் சிமெண்டாலானது; புகைமூட்டம் கண்ணைக் கரித்தது. காலை பத்து மணிக்கு ஆடிய அணியே பிற்பகல் மூன்று மணிக்கும் ஆடிற்று. இடையில் அச்சிறுமிகள் உண்டது தேநீரும் இரண்டிரண்டு பிஸ்கோத்துகளும். இரண்டாம் ஆட்டத்தில் ஒருத்தி காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். குளிர்மருந்தைத் தெளித்து மீண்டும் ஆட அனுப்பினார்கள்.

பந்தயம் நடத்துவோரின் கஷ்டத்தை நான் அறியாதவன் அல்லன். ஒரு நாள் கூடினால் தங்குமிடச் செலவும் கூடும். எனினும் நாளொன்றுக்கு ஓர் அணிக்கு ஓர் ஆட்டம் என்ற விதியையாவது மாவட்ட அளவிலிருந்தே கைக்கொள்ளலாம். ஊர்களில் பணியாற்றும் சுகாதார ஊழியர், பந்தயப் பருவத்துக்கு இரண்டு மாதம் முன்னதாகப் பள்ளி அணியினரின் இரத்தத்தைச் சோதித்துவிடுவாரானால், இரும்புச் சத்து மாத்திரை பலன் தருவதற்கு வேண்டிய அவகாசமும் கிடைக்கும்.